ரேடியோகிராஃபர் ஆக: படிப்பைத் தேர்வது முதல் எக்ஸ்ரே அறையில் கை பழகுவது வரை

எக்ஸ்ரே எடுக்கும் வேலையை வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பட்டன் அழுத்துவது மட்டும்தான் கண்ணில் படும். அது ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நிமிடத்தில்தான் தொழில் இருக்கிறது: சரியான ஆளா, சரியான பக்கமா, கழற்ற வேண்டியதைக் கழற்றியாயிற்றா, உடம்பு திரும்பாமல் நிற்கிறதா, மூச்சு நின்றதா. இதில் ஒன்று தவறினாலும் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். திரும்ப எடுக்கும் ஒவ்வொரு படமும் நோயாளிக்குத் தேவையில்லாத கதிர்வீச்சு. அதனால் முதல் படத்தையே சரியாக எடுக்க எங்கே கற்றுத்தருகிறார்கள் என்பதுதான் படிப்பைத் தேர்வதில் முதல் கேள்வி. கட்டணமும் கட்டடமும் அதற்குப் பிறகு.

எந்தப் படிப்பு

தமிழ்நாட்டில் இதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் வரும் பி.எஸ்சி. ரேடியோகிராஃபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி. மூன்று ஆண்டு பாடமும் ஓராண்டு கட்டாய இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்து நான்கு ஆண்டுகள். மற்றொன்று, இரண்டாண்டு ரேடியோ டயக்னோசிஸ் டெக்னாலஜி டிப்ளமோ. முன்பு சி.ஆர்.ஏ. என்ற சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிட்டுப் பணிக்கு வந்த மூத்தவர்கள் இன்றும் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-ல் திறக்கப்பட்டது. இந்தத் தொழிலுக்கு நம் ஊரில் அவ்வளவு வயதாகிவிட்டது.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் இருக்கலாம். அரசு இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு வழியாகக் கலந்தாய்வு நடக்கும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆகவே அந்த ஆண்டின் தகவல் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

மேலே படிக்கவோ வெளிநாடு போகவோ எண்ணமிருந்தால் பி.எஸ்சி. எடுங்கள். சீக்கிரம் வேலைக்குப் போயாக வேண்டிய குடும்பச் சூழ்நிலை என்றால் டிப்ளமோவும் நல்ல படிப்புதான். எதைப் படித்தாலும் இயற்பியலை ஒதுக்காதீர்கள். உடற்கூறியலை மனப்பாடம் செய்தாவது கரையேறிவிடலாம். இயற்பியல் புரியாவிட்டால் கடைசிவரை அடுத்தவர் எழுதி ஒட்டிய சார்ட்டைப் பார்த்தே எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குக் கொடுக்கும் கதிரின் அளவு, வைக்க வேண்டியிருக்கும்.

"ஆறே மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீசியன்" என்ற விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பி, அறிவியலோடு பிளஸ் டூவும் நேரடிப் பயிற்சி அடங்கிய குறைந்தது ஓராண்டுப் படிப்பும் கேட்கிறது. "ஸ்கேன் டெக்னீசியன்" என்று சொல்லி அல்ட்ராசவுண்ட் கற்றுத்தருவதாகச் சொல்லும் இடங்களிலும் கவனம் வேண்டும். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட் பார்ப்பது அதற்குத் தகுதி பெற்ற மருத்துவர்களின் வேலை. வெளிநாடுகளில் சோனோகிராஃபர் என்று தனித் தொழில் இருப்பதை இங்கே அப்படியே எதிர்பார்க்க முடியாது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது வகுப்பறையைக் காட்டுவார்கள். நீங்கள் எக்ஸ்ரே அறையைப் பார்க்கக் கேளுங்கள். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை எக்ஸ்ரே எடுக்கிறார்கள், ஒரு மெஷினுக்கு எத்தனை மாணவர்கள், சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் அங்கேயே இருக்கின்றனவா, அல்லது வாரத்தில் ஒருநாள் வேறெங்கோ கூட்டிப்போவார்களா என்று விசாரியுங்கள். உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை மாணவர்களுக்குத் தருகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அதற்குத் தடுமாறாமல் பதில் வந்தால் அந்த இடத்தில் பாதுகாப்பைப் பொருட்படுத்துகிறார்கள் என்று அர்த்தம். சீனியர் மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, "இதுவரைக்கும் நீங்களே பொசிஷன் பண்ணி எடுத்த செஸ்ட் எக்ஸ்ரே எத்தனை இருக்கும்?" என்று கேட்டுவிட்டால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும்.

காலையில் முதல் வேலை

நோயாளியைக் கூப்பிடுவதற்கு முன்பே எக்ஸ்ரே ட்யூபைச் சூடேற்ற வேண்டும். ட்யூபுக்குள் கதிர் பிறக்கும் உலோகத் தட்டுதான் ஆனோடு. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த அதில் எடுத்தவுடன் பெரிய எக்ஸ்போஷர் கொடுத்தால் வெடிப்பு விழலாம். மெஷின் தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி, ஷட்டரை மூடி, குறைந்த எக்ஸ்போஷரில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். படத்தைப் பதிந்து ரீடரில் படிக்க வைக்கும் சி.ஆர். கேசட் பயன்படுத்தும் இடமென்றால், ஓரிரு நாள் சும்மா கிடந்த கேசட்டுகளை ரீடரில் போட்டு அழித்துவிட்டே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய நிழலும் சுற்றுப்புறக் கதிர்வீச்சின் மங்கலும் புதுப் படத்தில் ஏறிவிடும்.

செஸ்ட் எக்ஸ்ரே: ஒன்றைச் சரியாகக் கற்றால் போதும்

மருத்துவமனையில் அதிகம் எடுக்கும் படம் இதுதான். அதிகம் கெடுவதும் இதுதான். இதில் கை பழகிவிட்டால் மற்ற பொசிஷன்களுக்கும் அதே ஒழுங்கு வந்துவிடும்.

சீட்டில் இருப்பவர்தான் எதிரில் நிற்கிறாரா என்று முதலில் உறுதி செய்யுங்கள். "நீங்கதான முருகன்?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத பெரியவர் யாராக இருந்தாலும் தலையாட்டிவிடுவார். "ஐயா, உங்க பேரு சொல்லுங்க, வயசு என்ன, எங்க வலிக்குது?" என்று கேளுங்கள். பதில் அவர் வாயிலிருந்து வர வேண்டும். கை கால் படமென்றால் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டிலும் பார்த்து, நோயாளியையும் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் எழுதிய மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

பிள்ளை பெறும் வயதுப் பெண்ணிடம் கர்ப்பம் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். மாமியாரும் கணவரும் சுற்றி நிற்கும்போது கேட்டால் உண்மையான பதில் வராது. அறைக்குள் தனியாக வந்ததும், "நாள் ஏதும் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று மெதுவாகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால், படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவரான ரேடியாலஜிஸ்டிடம் சொல்லிவிட்டே தொடர வேண்டும்.

அடுத்து கழற்றுவது. நம் ஊர் நோயாளிகளின் படத்தில் தேவையில்லாமல் விழும் நிழல்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. தாலிக்கொடி, அதில் கோத்து வைத்த ஊக்கு, ஜாக்கெட் கொக்கி, கழுத்துத் தாயத்து. பின்னிய ஜடை தோள்மேல் கிடந்தால் நுரையீரலின் உச்சியில் வெள்ளை நிழலாக விழுந்து நோய் போலவே தெரியும். ஜடையைத் தூக்கித் தலைமேல் முடியச் சொல்லுங்கள். வயிறு, இடுப்புப் படங்களில் அரைஞாண் கயிறும் அதில் தொங்கும் வெள்ளித் தாயத்தும் வந்து நிற்கும். தாலியைக் கழற்றப் பலர் சம்மதிக்க மாட்டார்கள். அதற்காகச் சண்டை போட வேண்டாம். கயிறாக இருந்தால் ஊக்குகளை மட்டும் எடுத்துவிட்டு, தாலியைப் பல்லில் கடித்துக்கொள்ளச் சொல்லலாம், அல்லது தாடைக்கு மேலே தூக்கி நாடாவால் ஒட்டிவிடலாம். அப்படிச் செய்தால் நெஞ்சுப் பகுதியில் நிழல் விழாது.

இனி பொசிஷன். நோயாளி, படம் பதியும் பலகையான டிடெக்டரைப் பார்த்து நிற்க வேண்டும். கால்களைச் சற்று அகட்டி, முகவாயைத் தூக்கி ஸ்டாண்டின் மேல் வைக்கச் சொல்லுங்கள். புறங்கை இடுப்பில், முழங்கைகள் முன்னால். தோள்களை நீங்களே மெதுவாக முன்னால் தள்ளிக் கீழே இறக்குங்கள். இப்படிச் செய்வதால்தான் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை விட்டு விலகும். டிடெக்டரின் மேல் விளிம்பு தோளுக்கு நான்கைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். ட்யூபுக்கும் டிடெக்டருக்கும் 180 செ.மீ. தூரம், பழைய கணக்கில் ஆறடி. அவ்வளவு தூரம் வைப்பதற்குக் காரணம், கதிர்கள் விரிவது குறைந்து இதயம் அதன் உண்மை அளவுக்கு நெருக்கமாகத் தெரியும். மையக் கதிர் ஏழாவது மார்பு முள்ளெலும்பில், அதாவது தோள்பட்டை எலும்புகளின் கீழ் முனைகள் இருக்கும் மட்டத்தில் விழ வேண்டும். கதிர் விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டத்தைத் தேவையான அளவுக்கு மட்டும் சுருக்குங்கள். வலமா இடமா என்று காட்டும் ஈய மார்க்கரை எக்ஸ்போஷருக்கு முன்பே வையுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்ற பழக்கம் ஆபத்தானது. இதயம் வலப்பக்கம் இருக்கும் நோயாளி ஒருவர் வரும் நாளில், மார்க்கரைத் தவறாகப் போட்டுப் படத்தையே புரட்டி அனுப்பிவிடுவீர்கள்.

மூச்சு வாங்கச் சொல்வதையும் பழக வேண்டும். "மூச்ச நல்லா இழுங்க... விடுங்க... மறுபடி இழுங்க... அப்படியே பிடிங்க." இரண்டாவது இழுப்புதான் ஆழமாக இருக்கும். "இழுங்க" என்றவுடன் பலர் நெஞ்சைத் தூக்கிக் காட்டுவார்கள், காற்று உள்ளே போயிருக்காது. ஒருமுறை செய்து காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு போங்கள். சுவிட்சில் இரண்டு நிலை உண்டு. முதல் அழுத்தத்தில் ஆனோடு சுழலத் தொடங்கும், இரண்டாவதில் கதிர் வெளிவரும். முதல் நிலையில் விரலை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகத் தோள்களைப் பாருங்கள். அசைவு நின்றதும் அழுத்துங்கள். முடிந்ததும் "மூச்ச விடுங்க" என்று சொல்ல மறந்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் வரை அவர் பிடித்துக்கொண்டே நிற்பார்.

திரையில் வந்த படத்தை அனுப்புவதற்கு முன் எண்ணுங்கள். உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகள் ஒன்பது அல்லது பத்து தெரிய வேண்டும். ஏழு எட்டுதான் தெரிகிறது என்றால் மூச்சு போதவில்லை. அந்தப் படத்தில் இதயம் பெரிதாகவும், நுரையீரலின் அடிப்பகுதி சளி கட்டியது போலவும் தெரிந்து, இல்லாத நோய்க்கு மருந்து எழுதப்படலாம். இரண்டு காரை எலும்புகளின் உள்முனைகளும் நடுவில் தெரியும் முள்ளெலும்பு முனையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா பாருங்கள். ஒருபக்கம் நெருங்கியிருந்தால் உடம்பு திரும்பியிருக்கிறது. ஒரு நுரையீரல் மற்றதைவிடக் கருப்பாகத் தெரிவதும் அதனால் இருக்கலாம். நுரையீரல் உச்சிகளும் கீழே இரு பக்க மூலைகளும் படத்துக்குள் இருக்க வேண்டும். கொஞ்சம் நீர் கோத்திருந்தால் முதலில் மழுங்குவது அந்த மூலைகள்தான்.

எக்ஸ்போஷர் கணக்கு

கேவி என்பது கதிரின் ஊடுருவும் வலிமை, எம்ஏஎஸ் அதன் அளவு. சிதறும் கதிரைத் தடுக்கும் கிரிட் என்ற தட்டு வைத்த செஸ்ட் ஸ்டாண்டில் 110 முதல் 125 கேவி வரை போகலாம், எம்ஏஎஸ் மிகக் குறைவாகவே போதும். கைக்கு 50 முதல் 55 கேவி, இரண்டு மூன்று எம்ஏஎஸ். எண்கள் மெஷினுக்கு மெஷின் மாறும் என்பதால், அறையில் ஒட்டியுள்ள சார்ட்டிலிருந்து தொடங்கி, எதற்காக எதை மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

இரண்டு கணக்குகள் விரல் நுனியில் இருக்க வேண்டும். கேவியை 15 சதவீதம் ஏற்றினால் எம்ஏஎஸைப் பாதியாக்கலாம். 70 கேவி, 20 எம்ஏஎஸில் வரும் படத்தின் கருமை 80 கேவி, 10 எம்ஏஎஸிலும் வரும். நடுங்கும் நோயாளிக்கு நேரத்தைக் குறைக்க இது உதவும். கருப்பு வெள்ளை வேறுபாடு சற்றுக் குறையும். மற்றது தூரக் கணக்கு. தூரம் இரு மடங்கானால் கதிரின் அடர்த்தி நாலில் ஒன்றாகும். 100 செ.மீ.யிலிருந்து 180 செ.மீ.க்குப் போனால் 1.8-ஐ 1.8-ஆல் பெருக்கி 3.24 மடங்கு எம்ஏஎஸ் தேவை. 10 எம்ஏஎஸ் இருந்த இடத்தில் 32.

ஃபிலிம் காலத்தில் எக்ஸ்போஷர் அதிகமானால் படம் கருத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் அப்படியில்லை. தேவைக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுத்தாலும் கம்ப்யூட்டர் சரிசெய்து அழகான படத்தைக் காட்டும். குறைத்துக் கொடுத்தால் மட்டும் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அதனால் தெரியாமலேயே எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. இன்றைய எக்ஸ்ரே அறையில் எனக்கு மிகப்பெரிய கவலை இதுதான். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் டீவியேஷன் இன்டெக்ஸ் என்ற எண் வருகிறதா பாருங்கள். பூஜ்யம் என்றால் குறியளவு. கூட்டல் 3 என்றால் இரு மடங்கு, கழித்தல் 3 என்றால் பாதி. படத்தை மட்டும் பார்க்காமல் இந்த எண்ணையும் பாருங்கள்.

படத்தின் நடுவில் மட்டும் உருவம் தெரிந்து இரு ஓரங்களும் வெளுத்திருந்தால் கிரிட் தலைகீழாக இருக்கிறது. ஒரே பக்கம் வெளுத்திருந்தால் ட்யூப் மையம் தவறியிருக்கலாம், அல்லது கிரிட் சாய்ந்திருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உருவங்கள் தெரிந்தால், எடுத்த கேசட்டையே மறுபடி பயன்படுத்திவிட்டீர்கள். எடுத்ததும் எடுக்காததும் ஒரே மேசையில் கிடந்தால் இது நடந்தே தீரும்.

அடிபட்டவர் வந்தால்

எலும்பு முறிவுக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோணப் படங்கள் வேண்டும். ஒரு கோணத்தில் மறைந்த முறிவு மற்றதில் தெரியும். நீண்ட எலும்புகளுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் சேர்ந்து வர வேண்டும். கழுத்துக் காலர் போட்டு வந்தவரின் காலரை மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. படுத்தபடியே பக்கவாட்டுக் கதிரில் எடுங்கள். ஏழாவது கழுத்தெலும்பும் அதன் கீழுள்ள முதல் மார்பு முள்ளெலும்பின் மேல்பகுதியும் தெரியாத படம் முழுமையானதில்லை.

சி.டி.யில் கான்ட்ராஸ்ட்

கான்ட்ராஸ்ட் என்பது உறுப்புகளும் ரத்தக்குழாய்களும் தெளிவாகத் தெரிய ஊசி வழியாகச் செலுத்தும் மருந்து. அதைப் போடுவதற்கு முன் நான்கு கேள்விகள்: முன்பு கான்ட்ராஸ்ட் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா. பதிலை எழுதி வைத்து ரேடியாலஜிஸ்டிடம் காட்டுங்கள். முடிவு அவருடையது. முழங்கை மடிப்பில் நரம்பில் ஏற்றும் 18 அல்லது 20 எண் வென்ஃப்ளான் குழாய் இருந்தால் நொடிக்கு மூன்று நான்கு மி.லி. வேகத்தைத் தாங்கும். புறங்கையில் போட்ட சிறிய வென்ஃப்ளானை நம்பி, மருந்தை வேகமாகத் தள்ளும் இன்ஜெக்டரை ஓட்டாதீர்கள். முதலில் சலைன் தள்ளிப் பாருங்கள். "உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போன மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்று முன்பே சொல்லிவிட்டால் அவர் நடுவில் துள்ள மாட்டார். முதல் சில நொடிகள் ஊசி போட்ட இடத்தைப் பாருங்கள். வீங்கினாலோ வலி என்றாலோ உடனே நிறுத்த வேண்டும். ஸ்கேன் முடிந்ததும் வென்ஃப்ளானை எடுக்காமல் அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். தடிப்பும் மூச்சுத்திணறலும் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் வரும். எமர்ஜென்சி டிரே எங்கே இருக்கிறது என்பதை வேலையில் சேர்ந்த முதல் நாளே பார்த்து வையுங்கள்.

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. அதை நினைத்துப் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். காந்தம் இரவும் பகலும் இயங்கிக்கொண்டே இருக்கும், ஸ்கேன் ஓடாதபோதும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போன ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். வாசலில் நீங்கள்தான் காவல். பேஸ்மேக்கர், மூளையில் வைத்த கிளிப், காது இம்பிளான்ட், கண்ணில் இரும்புத் தூள் பட்ட வெல்டிங் தொழிலாளி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நோயாளியோடு உள்ளே வரும் அட்டெண்டரையும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். ஊக்கு, ஹேர்பின், சாவி, செல்போன், ஏ.டி.எம். கார்டு எல்லாம் வெளியே. வீல்சேரும் ஸ்ட்ரெச்சரும் எம்.ஆர்.ஐ.க்கென்று தனியாக இருப்பவை மட்டுமே உள்ளே போகலாம். "ஒரு நிமிஷம்தான்" என்று உள்ளே எட்டிப்பார்க்க வரும் யாரையும் விடாதீர்கள், அவர் உங்கள் மேலதிகாரியாக இருந்தாலும்.

உங்கள் உடம்பு

டி.எல்.டி. பேட்ஜை நெஞ்சு மட்டத்தில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது பரிசோதனைக்குப் போகும். ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போனால், நீங்கள் வாங்காத கதிர்வீச்சு உங்கள் கணக்கில் ஏறும். உங்களுக்கே எக்ஸ்ரே எடுக்கும்போது அதைக் கழற்றி வையுங்கள். இந்தியாவில் பணியாளருக்கான வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. 18 வயது நிரம்பாத மாணவருக்கு ஆண்டுக்கு 6. ஒரு செஸ்ட் எக்ஸ்ரேயில் நோயாளிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட்தான். தடுப்புக்குப் பின்னால் நின்று வேலை செய்பவருக்கு வரம்பின் அருகில் போகவே வாய்ப்பில்லை. கர்ப்பமானால் தாமதிக்காமல் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், பணியிடத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும் போர்ட்டபிள் மெஷினில் எடுக்கும்போது உங்கள்மேல் படுவது பெரும்பாலும் நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர். சுவிட்சின் ஒயர் அனுமதிக்கும் தூரம், குறைந்தது இரண்டு மீட்டர், தள்ளி நில்லுங்கள். குழந்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் பெற்றோருக்கு ஏப்ரன் போட்டு அவர்களையே பிடிக்கச் சொல்லுங்கள். தாய் கர்ப்பமா என்று கேட்டுவிட்டு ஏப்ரனைக் கொடுங்கள். தினமும் நீங்களே பிடிக்கும் பழக்கம் வேண்டாம். ஏப்ரனை மடித்துப் போட்டால் உள்ளே ஈயத்தகடு விரிசல் விடும், வெளியே தெரியாது. ஹேங்கரில் மாட்டுங்கள். ஆண்டுக்கொருமுறை ஃபுளோரோஸ்கோப்பியில், அதாவது ஓடும் எக்ஸ்ரேயில், வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்டர்ன்ஷிப்பும் வேலையும்

இன்டர்ன்ஷிப் தொடங்கும் நாளில் ஒரு நோட்டு வாங்குங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். தேதி, படம், கேவி, எம்ஏஎஸ், திரும்ப எடுத்தீர்களா, ஏன் என்று எழுதுங்கள். நூறு படம் சேர்ந்ததும் திரும்ப எடுத்தவற்றைக் காரணம் வாரியாகப் பிரியுங்கள்: பொசிஷன், மூச்சு, அசைவு, நகை, எக்ஸ்போஷர். எது அதிகமோ அதை அடுத்த மாதம் மட்டும் கவனியுங்கள். சீனியர்கள் சொல்லித்தராததையும் இந்த நோட்டு சொல்லித்தரும். ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட் பார்க்கும் அறையில் தினம் அரை மணி நேரம் நிற்க அனுமதி கேளுங்கள். எதற்காக நுரையீரலின் மூலை தெரிய வேண்டும் என்று அங்கேதான் புரியும்.

அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. அறிவிப்புகளைப் பாருங்கள். 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின்கீழ் மாநிலக் கவுன்சில் பதிவு இனி முக்கியமாகும். தனியார் மையத்தில் சேரும்போது, அந்த மெஷினுக்கு ஏஇஆர்பி உரிமம் இருக்கிறதா, உங்கள் பெயரில் டி.எல்.டி. பேட்ஜ் தருவார்களா என்று சம்பளம் பேசுவதற்கு முன்பே கேளுங்கள்.

வளைகுடா நாடுகளுக்குப் பொதுவாகப் பட்டமும் அனுபவச் சான்றும் கேட்பார்கள். டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் வழியாகச் சான்றிதழ்களை நேரடியாகக் கல்லூரியிலும் மருத்துவமனையிலும் சரிபார்ப்பார்கள், பிறகு உரிமத் தேர்வு இருக்கும். பிரிட்டனில் ரேடியோகிராஃபர் என்று பெயர் போட்டுக்கொள்ளவே எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் பதிவு அமைப்பில் பதிவு வேண்டும். ஆகவே ஒவ்வொரு வேலையை விடும்போதும் சேர்ந்த தேதி, விட்ட தேதி, எந்தெந்த மெஷினில் வேலை செய்தீர்கள் என்ற விவரத்தோடு லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மையம் மூடிவிட்டால் பிறகு வாங்க முடியாது.